ஒருநபர் துணைக்குழு

கல்லோடை நகர நீர்ச்சேமிப்பு ஆலோசனை மன்றத்தின் அறுபத்தெட்டாவது கூட்டத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள். மன்றத்தின் இலச்சினையில் வரையப்பட்டிருந்த சொட்டு அது. அதற்குச் சிரிக்கிற வாய் வைக்கலாமா, கூடாதா?

"சிரிச்ச மாதிரி போட்டா தண்ணி நெறைய இருக்குதுன்னு ஜனங்க நெனச்சுக்குவாங்க" என்றாள் சுவேதா. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் வந்திருந்தவள்.

"அழுத மாதிரி போட்டா அரசாங்கத்தக் குத்தம் சொல்றாப்பல ஆயிருமுங்க" என்றார் தலைவர் கௌசிக். கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வுபெற்றவர். யாரையும் புண்படுத்தாமல் எதையும் தள்ளிப்போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கடைசியில் விஷயத்தை விழிப்புணர்வுத் துணைக்குழுவுக்கு அனுப்பினார்கள். போன மாதம் அந்தத் துணைக்குழுதான் அதை மன்றத்துக்கு அனுப்பியிருந்தது. மன்றத்தின் செயலர் மோனிஷா இரண்டையும் குறிப்பேட்டில் எழுதினாள். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. குடிநீர்ப் பொறியாளர். இந்த நாற்காலிக்கு மாற்றலாகி ஆறு வருடம் ஆகிவிட்டது. அன்று காலையிலிருந்து நெற்றிப்பொட்டில் வலி.

"ஏனுங்க மேடம், இங்க எப்பவும் இப்படித்தானுங்களா?"

பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டவள் புது உறுப்பினர் அபிநயா. பதினோரு உறுப்பினரில் ஒருவரைப் பொதுமக்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும் என்பது விதி. இந்த முறை சீட்டு அவளுக்கு விழுந்திருந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"இன்னிக்குப் பரவாயில்லை" என்றாள் மோனிஷா மெல்லிய குரலில். "போன மாசம் 'சேமிப்போம்'னு போடறதா 'காப்போம்'னு போடறதான்னு மூணு மணி நேரம்."

"தண்ணியப் பத்தி எப்பங்க பேசுவீங்க?"

"பேசினா அவங்கவங்க வீட்ல தண்ணி குறைஞ்சிரும். அதான் பேசறதில்லை."

அபிநயா புரியாமல் பார்த்தாள்.

"ஊர்ல எல்லா வீட்டுக் குழாயிலயும் ஒரு வால்வு மாட்டியிருக்கில்ல? அதைத் தொறக்கிறதும் அடைக்கிறதும் 'மதகு'ங்கற கம்ப்யூட்டர். மன்றம் ஆரம்பிச்சப்போ அரசாங்கம் ஒரு விதி போட்டாங்க. நாம ஊருக்கு என்ன ஆலோசனை சொன்னாலும், முதல்ல அதை முப்பது நாள் நம்ம வீடுகள்லயே மதகு நடத்திப் பார்க்கும். எவ்வளவு மிச்சமாகுது, எவ்வளவு சிரமம்னு அளந்து பார்த்தப்புறம்தான் அது அரசுக்குப் போகும்."

"நல்ல விதிதானுங்களே."

"ரொம்ப நல்ல விதி. அதனாலதான் ஆறு வருஷமா ஒரு ஆலோசனையும் போகலை. ஓவியப் போட்டி நடத்தறோம், ஊர்வலம் போறோம். அதுக்கெல்லாம் சோதனை கிடையாது பாருங்க."

அபிநயா பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல் கையைத் தூக்கினாள்.

"சொல்லுங்க அம்மணி" என்றார் கௌசிக், மகிழ்ச்சியோடு. புது உறுப்பினர்கள் வழக்கமாகத் தேநீர் எப்போது என்று கேட்பார்கள்.

"ஊருக்கு வர்ற மொத்தத் தண்ணியையும் எல்லாச் சனத்துக்கும் சமமாப் பங்கு போட்டா, தலைக்கு எவ்வளவுங்க வரும்?"

எல்லோரும் மோனிஷாவைப் பார்த்தார்கள். அவளுக்கு அந்த எண் மனப்பாடம். ஆறு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

"ஒரு நாளைக்கு எழுபது லிட்டர்."

"அப்ப எல்லாத்துக்கும் எழுபதுன்னு ஆலோசனை சொல்லலாமுங்களே."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எழுபது லிட்டர் எங்கள் வீட்டில் ஒரு தடவை துணி துவைக்கக்கூடக் காணாது என்றாள் சுவேதா. நோக்கம் உயர்ந்ததுதான், ஆனால் காலம் கனியவில்லை என்றார் இன்னொருவர். புதிதாக வந்தவரின் ஆர்வத்தைப் பாராட்டித் தீர்மானம் போடலாம் என்றார் மற்றொருவர். கௌசிக் இரண்டு கைகளையும் உயர்த்தி அமைதிப்படுத்தினார்.

"விதி பதினாலுல வழி இருக்குதுங்க. ஒரு யோசனையத் துணைக்குழு எடுத்துக்கிட்டா, சோதனை அந்தத் துணைக்குழு உறுப்பினர் வீட்ல மட்டும் நடந்தாப் போதும். அம்மணி தலைமையில ஒருநபர் துணைக்குழு அமைச்சிரலாம். ஆட்சேபணை உண்டுங்களா?"

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். பஜ்ஜி வந்தது.

கூட்டம் முடிந்ததும் மோனிஷா வராந்தாவில் அபிநயாவை நிறுத்தினாள். படிவம் கையில் இருந்தது, ஆனால் கொடுக்க மனம் வரவில்லை.

"உங்களை மாட்டி விட்டுட்டாங்க. வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருங்க. நான் பார்த்துக்கறேன். வீட்ல எத்தனை பேர்?"

"நானும் எங்கூட்டுக்காரரும் பொண்ணும். மூணு பேருங்க." அபிநயா படிவத்தை வாங்கி வரி விடாமல் படித்தாள். "எழுபதுன்னா எழுபதேதானுங்களா? ஏதாச்சும் காரணம் சொல்லிக் கொறைச்சுப்போட மாட்டீங்களே?"

"ஒரு சொட்டு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. இல்லாட்டி அளவெடுக்கிறதே கெட்டுரும்."

"எப்பருந்துங்க?"

"ஒண்ணாந்தேதி."

"இன்னிக்கே ஆரம்பிக்க முடியாதுங்களா?" என்று கேட்டபடியே அபிநயா கையெழுத்துப் போட்டாள்.

தியாக மனப்பான்மை என்று நினைத்துக்கொண்டாள் மோனிஷா. அன்று வீட்டில் குளிக்கும்போது குற்ற உணர்ச்சியாகக்கூட இருந்தது.

ஒன்பதாம் நாள் ஆய்வுக்குப் போனாள். பதினேழாவது வார்டின் கடைசித் தெரு. வார்டுச் சராசரி தலைக்கு நூற்று நாற்பது லிட்டர் என்று அவளுடைய அறிக்கைகள் சொல்லிக்கொண்டிருந்தன. சிரமத்தைக் குறித்துக்கொள்ள ஒரு படிவம் கொண்டுபோயிருந்தாள்: தூக்கம், சமையல், சுகாதாரம், குடும்பத்தில் சண்டை.

அபிநயாவின் வீட்டு வாசல் ஈரமாக இருந்தது. குளியலறையில் யாரோ தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் நிறைந்த குடங்களோடு வெளியே போனார்கள், மோனிஷாவைப் பார்த்ததும் வேகமாக.

தலையைத் துவட்டிக்கொண்டே அபிநயாவின் கணவன் கோகுல் வந்தான். கைகளிலும் கழுத்திலும் தோல் மரப்பட்டைபோல் வெடித்திருந்தது. பதினெட்டு வருடம் சாயப்பட்டறையில் நின்றவன்.

"டாக்டர் தெனம் ரெண்டு வேளை குளிக்கச் சொல்லியிருக்காருங்க" என்றான். "குளிச்சாத்தான் மருந்து புடிக்குமாம். சீட்டு எழுதிக் குடுத்து நாலு வருசமாச்சு. இந்த ஒம்போது நாளாத்தானுங்க ரெண்டு வேளையும் குளிக்கறேன். அரிப்பு நின்னு தூங்கறேன்."

மோனிஷா படிவத்தைத் தாழ்த்தினாள். "இதுக்கு முன்னாடி உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?"

அபிநயா சுவரில் ஆணியில் மாட்டியிருந்த நாட்காட்டியை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு தேதிக்கும் கீழே குடங்களின் எண்ணிக்கை. ஆறு. ஐந்து. ஆறு. சில கட்டங்களில் பூஜ்யம்.

"தலைக்கு முப்பது வந்தா அன்னிக்குத் திருவிழாங்க."

"சராசரி நூத்தி நாப்பதுன்னு இருக்கே!"

"எங்க வார்டுலதானுங்களே அந்த நீச்சல்குளம் வெச்ச அடுக்குமாடியும் இருக்குது. அதையும் எங்களையும் ஒண்ணாக் கூட்டி வகுத்தா வராதுங்களா?"

மோனிஷாவுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்த அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். "கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"கஷ்டமா இருக்குமேன்னுதான் எல்லாரும் கேட்டீங்க. இப்ப எவ்வளவு வருதுன்னு யாரும் கேக்கலீங்களே மேடம். சொல்லியிருந்தா எழுபதை நாப்பதாக் கொறைச்சிருப்பீங்க."

மோனிஷா சிரமப் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

சோதனையின் இருபத்தெட்டு நாள் முடிவை அடுத்த கூட்டத்தில் அவளே வாசித்தாள். நீர்ப் பயன்பாடு: இருநூற்று முப்பது சதவீதமாக உயர்வு. சிரமக் குறியீடு: கழித்தல் நாற்பத்தொன்று. சிரமம் இப்படிக் கழித்தலில் போகும் என்று மதகை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை போலும். அச்சுத்தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது.

சுவேதாவின் முகம் மலர்ந்தது. "அப்போ இந்தத் திட்டத்துல தண்ணி மிச்சமாகலை, ரெண்டு மடங்குக்கு மேல செலவாகுது. நாம நீர்ச்சேமிப்பு மன்றம். இதை எப்படிப் பரிந்துரை பண்ண முடியும்?"

"அறிவியல்பூர்வமா நிரூபணமாயிருச்சுங்க" என்றார் கௌசிக் வருத்தமான குரலில். "நிராகரிச்சுரலாமுங்களா?"

அபிநயா எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சரிந்தது.

"மிச்சம் புடிக்கறதுன்னா என்னன்னு எங்களக் கேளுங்க. அரிசி கழுவுன தண்ணியில பாத்திரம் கழுவி, அந்தத் தண்ணிய ஊத்தித்தான் நாங்க கக்கூசு கழுவறோம். அதுக்கு மேல எதை மிச்சம் புடிக்கச் சொல்றீங்க? இன்னும் ரெண்டு நாள்ல வால்வு பழையபடி ஆயிரும். எங்கூட்டுக்காரரு மறுபடி ராவெல்லாம் சொறிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. நீங்க அந்தச் சொட்டுக்கு வாய் வெச்சீங்களா இல்லீங்களா?"

உணர்ச்சிவசப்பட்டதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று கௌசிக் மோனிஷாவிடம் பெருந்தன்மையாகச் சொன்னார்.

அந்தப் பெருந்தன்மைதான் மோனிஷாவைக் கிளப்பிவிட்டது. விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். ஆறு வருடம் இந்த மனிதர்களோடு குப்பை கொட்டியதில் ஒன்று மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். முடிவெடுக்கச் சொன்னால் மிரளுவார்கள். தள்ளிப்போடச் சொன்னால் மேசையைத் தட்டுவார்கள்.

"தலைவர் அவர்களுக்கு ஒரு யோசனை. நிராகரிச்சா, ஏன் நிராகரிச்சோம்னு அரசுக்கு விளக்கம் எழுதணும். ஒரே ஒரு வீட்டை வெச்சு எப்படி முடிவு பண்ணினீங்கன்னு கேப்பாங்க. பேசாம மேலும் ஆய்வு செய்யலாம். பதினாலாம் விதி, நாலாம் உட்பிரிவு. துணைக்குழு தேவைக்கேற்பக் கூடுதல் உறுப்பினர்களைச் சேர்த்துக்கலாம்."

"எத்தனை பேர்?"

"எண்ணிக்கை போடலை சார். இப்போதைக்கு அபிநயாவோட தெருவுல நூத்திப் பன்னெண்டு வீடு."

"எவ்வளவு நாளைக்கு?"

"மன்றம் முடிவெடுக்கிற வரைக்கும்."

விளக்கம் எழுத வேண்டாம், முடிவும் எடுக்க வேண்டாம். பத்து கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. அபிநயா மோனிஷாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பதினோராவது கையாகத் தன் கையையும் தூக்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை மோனிஷா முழுக்கத் திட்டமிட்டாள் என்று சொல்ல முடியாது. நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் தலைக்கு எழுபது லிட்டர் வந்தது. இரண்டே வாரத்தில் அடுத்த தெருக்காரர்கள் அலுவலகத்துக்கு வந்து, தாங்களும் ஆய்வுக்கு உதவத் தயார் என்றார்கள். படிவம் கேட்டவர்களுக்கெல்லாம் படிவம் கொடுத்தாள். ஆடி மாதத்தில் நாலாயிரம் வீடு. புரட்டாசியில் முப்பதாயிரம். இத்தனை பேர் ஓரிடத்தில் கூட முடியாது என்பதால் தெருவுக்கு ஒருவராக ஞாயிறு மாலையில் நகராட்சிப் பள்ளி மைதானத்தில் கூடினார்கள். அபிநயா தலைவர். மன்றமோ மாதம் தவறாமல் 'மேலும் ஆய்வு' என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தது.

தண்ணீர் வானத்திலிருந்து புதிதாக வந்துவிடவில்லை. உறுப்பினர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைத்தான் மதகு மற்றவர்களுக்குப் பிரித்தது. மோனிஷாவின் வீட்டிலேயே இருநூற்றைத் தாண்டியிருந்தது நூற்றுப் பத்துக்கு இறங்கியது. சலவை இயந்திரம் பாதியில் நின்று பொத்தான் மினுக்கிய ஒரு காலையில் அவள் கணவன் சஞ்சய் கேட்டான், "இது நீ பண்ணின வேலைதானே?"

"ஆமா."

"நம்ம வீட்டுக்கு மட்டும் ஏதாவது செய்ய முடியாதா?"

அவள் ஈரத்துணியை எடுத்து வாளியில் போட்டாள். இரண்டு நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. இயக்குநரகத்திலிருந்தும் கடிதம் வந்தது: ஒரு துணைக்குழுவுக்கு முப்பதாயிரம் உறுப்பினர் எப்படி? விதி எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினாள். அதை ஆராய அவர்கள் ஒரு குழு அமைத்திருப்பதாகத் தகவல் வந்தது. அந்தக் குழு இன்னும் கூடவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைதானத்தில் படிவ வரிசையில் கௌசிக் நின்றுகொண்டிருந்தார். சட்டை கசங்கியிருந்தது. மோனிஷா பதறிப்போய் ஓடினாள்.

"சார், நீங்க எதுக்கு வரிசையில?"

"எங்க வீட்ல அறுபத்தி நாலுதாம்மா வருது." குரலில் அழுத்தி வைத்த எரிச்சல். "மாடி டேங்குக்கு ஏறவே மாட்டேங்குது. விசாரிச்சா, உறுப்பினரானா எழுபது நிச்சயம்னாங்க. நான் மன்றத்துக்கே தலைவர். நான் உறுப்பினர் இல்லையாமா?"

"மன்றத்துல இருக்கீங்க சார். துணைக்குழுவுல இல்லை."

"நீ எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"மாசாமாசம் உங்க மேசையில வெச்சேன் சார். மேலும் ஆய்வுன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

இதற்குள் மேடைப் பக்கம் ஏதோ சத்தம். அறுபது வயதிருக்கும் ஒரு பெண் அபிநயாவிடம் அழுதுகொண்டிருந்தாள். கௌசிக் அவளை அடையாளம் கண்டுகொண்டார். அவர் சாலையிலேயே நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஷர்மிளா. கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று முறை வீட்டிலேயே டயாலிசிஸ்.

"நேத்து உங்க வீட்டுக்கு வந்து சொன்னதுதானுங்க. ஒரு தடவைக்கு நூத்தம்பது லிட்டர் வேணுமுங்க. முந்தாநேத்து பாதியில தண்ணி நின்னுருச்சு. அவருக்குக் கைகால் இழுத்துக்கிச்சு. ஆம்புலன்ஸ் வெச்சுத் தூக்கிட்டுப் போனோம். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க. எழுபது குடுத்தாலும் எங்களுக்குப் பத்தாதுங்க."

நோயாளிகளுக்குத் தனி ஒதுக்கீடு கேட்க ஒரு படிவம் உண்டு. முடிய மூன்று வாரம் ஆகும். மதகு தண்ணீரைப் பிரித்த விதத்தில் இப்படி ஒரு வீடு இருக்கும் என்று அவள் ஒரு முறைகூடத் தேடிப் பார்க்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்று அபிநயா அன்று சொன்னது இப்போது அவளுக்கே பொருந்தியது.

"என் தப்பு" என்றாள் அபிநயாவிடம். "நான் பார்த்திருக்கணும்."

"அதை அப்பறம் பேசலாமுங்க மேடம். ஒரு வீட்டுப் பங்குலருந்து இன்னொரு வீட்டுக்கு மாத்திவிட மதகுல முடியுமுங்களா?"

"உறுப்பினர் சம்மதிச்சா முடியும். அஞ்சு நிமிஷ வேலை."

அபிநயா மேடையில் ஏறினாள். ஒலிபெருக்கி இல்லை, தொண்டையைத் திறந்தே பேசினாள். யார், என்ன நோய், எவ்வளவு தண்ணீர் என்று மூன்றே வரி. "எங்க தெருவுல நூத்திப் பன்னெண்டு வீடு. டயாலிசிஸ் அன்னிக்கு வீட்டுக்கு ஒண்ணரை லிட்டர் விட்டுக் குடுத்தா அவங்களுக்குப் போதும். எங்க தெருவுல நேத்தே பேசிட்டோம், நாங்க குடுக்கறோம். ஆனா ஊர்ல இந்த மாதிரி இன்னும் எத்தனை வீடு இருக்குதுன்னு தெரியல. அவங்கவங்க தெருவுல வீடு வீடாப் போய் விசாரிச்சு, அடுத்த ஞாயித்துக்கெழமை சொல்லோணும். அந்தந்தத் தெருவே பங்கு போட்டுக்கலாம். சம்மதம்னா கையத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. கோகுலின் கையும் அதில் இருந்தது. தோல் இன்னும் கறுத்துத்தான் இருந்தது, ஆனால் வெடிப்புகள் மூடியிருந்தன. அபிநயா மேடையிலிருந்து இறங்கி விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்து, படிவ வரிசையருகே கௌசிக்கின் முன் நின்றாள்.

"சார், உங்க படிவம் இன்னும் பதியலீங்க. நீங்க கையத் தூக்கக்கூடாது."

கௌசிக் கையைத் தூக்கியிருந்தார். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு வருடம் கூட்டங்களை நடத்தியவர், காது சிவக்கக் கையை இறக்கினார். மோனிஷா தலையைக் குனிந்துகொண்டாள். இப்போது கிளம்பிப் போய்விடுவார், நாளைக்குத் தனக்கு மாற்றல் உத்தரவு வரும் என்று நினைத்தாள்.

அவர் போகவில்லை. வரிசையை விட்டு இரண்டடி முன்னால் வந்தார்.

"எனக்கு ஓட்டு வேண்டாம் அம்மணி. ஷர்மிளாம்மா எங்க ரோட்டுக்காரங்க. எங்க ரோட்டுல முப்பத்தாறு வீடு. எல்லாரும் உறுப்பினராகி அஞ்சஞ்சு லிட்டர் விட்டுக் குடுத்தா அவங்க பாட்டை நாங்களே பாத்துக்கலாம். உங்க தெருவுலருந்து எதுக்கு எடுக்கோணும்?"

"உங்க ரோட்டுல எல்லாருகிட்டயும் கேட்டீங்களா?"

"கேக்கலை. இப்பப் போய்க் கேக்கறேன்."

"எப்பச் சொல்லுவீங்க சார்?"

கௌசிக் பழக்கதோஷத்தில் அடுத்த கூட்டம் என்று சொல்ல வாயெடுத்தது மோனிஷாவுக்குத் தெரிந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஷர்மிளாவைப் பார்த்தார்.

"இருட்டறதுக்குள்ள" என்று சொல்லிவிட்டு, வெயில் சாய்ந்துகொண்டிருந்த மைதானத்தைக் கடந்து வேகமாக நடக்க ஆரம்பித்தார். ஷர்மிளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள்.